ஆறாவது ஊசி

எடெல்மிரா பொவேதாவின் சுருட்டுத் தகர டப்பாவில் ஆறு ஊசிகள் இருந்தன. ஆறும் ஆறு விதம். மெத்தை பிரித்துத் தைக்கிறவளுக்கு அதற்குக் குறைந்து வேலை நடக்காது.

முழங்கை நீளத்துக்கு இரண்டு, சைக்கிள் சக்கரக் கம்பியைத் தேய்த்துக் காது போட்டவை. மெத்தையின் ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கம் தலை நீட்டும். மூன்றாவது, குடைக் கம்பியில் செய்தது. நான்காவது கோணி ஊசி. நுனி தட்டையாக, தடியாக இருக்கும். துறைமுகத்துச் சர்க்கரைக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை வாய் தைத்த ஊசி அது. கப்பல்கள் வருவது நின்று, கிடங்கைப் பூட்டிய அன்று அதை உள்ளாடைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது சாதாரணத் தையல் ஊசி.

ஆறாவதுதான் முக்கியம். அரை வட்டமாக வளைந்த, பளபளக்கிற அறுவை ஊசி. அக்கா ஹோர்த்தென்சியா மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள், சாவதற்கு முன்னால் கொடுத்தது. அந்தக் காலத்தில் போடுகிற ஊசியைத் தூக்கி எறியும் வழக்கம் இல்லை. கொதிக்க வைப்பார்கள், முனை மழுங்கினால் சாணைக் கல்லில் தீட்டுவார்கள். அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்த ஊசிகளைத் தீட்டித் தீட்டித்தான் எடெல்மிரா சின்ன வயதிலேயே ஊசிமுனையை விரல் நுனியால் படிக்கக் கற்றாள். எங்கள் ஊர்ப் பேச்சில் முள்ளும் ஊசிதான். கடிகாரத்தில் ஓடுவதும் ஊசி, ரேஷன் கடைத் தராசில் நடுங்குவதும் ஊசி, இசைத்தட்டின் மேல் உரசுவதும் ஊசி. எடெல்மிராவின் புருஷன் அந்தக் கடைசி ரகத்தை நம்பி வாழ்ந்தவன். வீட்டை விட்டுப் போனபோது பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான், தட்டுகளை விட்டுவிட்டுப் போனான். ஊசி இல்லாத தட்டுகளை அவள் பானை மூடியாக வைத்துக்கொண்டாள்.

மெத்தையின் விளிம்பைத் தைக்க வளைந்த ஊசிதான் வேண்டும். நேர் ஊசி உள்ளே போகும், வெளியே வராது. வளைந்தது தானே திரும்பி வரும். வேலை தொடங்குமுன் ஒரு தடவை, முடித்தபின் ஒரு தடவை, அவள் ஆறையும் வாய்விட்டு எண்ணுவாள். கையில் இல்லாத ஊசியைத் தன் ரவிக்கைத் தோளில் குத்தி வைப்பாள். பஞ்சில் மட்டும் குத்தவே கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம் அது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, நெமெசியோவின் மெத்தையைப் பிரித்தாள்.

நெமெசியோ அவள் தைத்த மூட்டைகளைக் கப்பலில் ஏற்றியவன். ஆறு வருஷத்துக்கு முன் கப்பலின் அடித்தளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கொதிக்கிற காப்பி தொடையில் கொட்டினாலும், ஆவி பறப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். போதாததற்குச் சர்க்கரை வியாதி வேறு. மகள் நயீபி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துகொண்டு அவனைப் பார்த்துக்கொண்டாள். மெத்தையில் ஒரு ஸ்பிரிங் துணியைக் கிழித்துத் தலை நீட்டியதால்தான் எடெல்மிராவைக் கூப்பிட்டாள்.

எடெல்மிரா நடைபாதையில் நாற்கால் தாங்கிகளான மரக்குதிரை இரண்டைப் போட்டு மெத்தையைக் கிடத்தினாள். நெமெசியோவை ஒரு நாற்காலியில் போர்வையால் கட்டி வாசலில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"அடியே எடெல்மிரா, மெத்தையைத் தைக்கிறியா, இல்ல சர்க்கரை மூட்டையைத் தைக்கிறியா? அவ்ளோ பெரிய தையல் போடுற."

"யோவ், உன் வாயைத் தைக்கத்தான் இந்த ஊசி பத்தல. சும்மா இரு."

"தைச்சா அப்புறம் காப்பி எப்படிக் குடிக்கிறது?"

"பட்டாணியைக் கருக்கி அரைச்சுக் குடிக்கிறதுக்குப் பேரு காப்பியா?"

ஸ்பிரிங்குகளைக் கட்டி, மேலே கோணித் துணி விரித்து, பஞ்சை உதறிப் பரப்பி, உறை போட்டு விளிம்பைத் தைக்கத் தொடங்கும்போது மணி நான்கு இருக்கும். அன்று அவள் போட்டிருந்த ரவிக்கை துவைத்துத் துவைத்துச் சல்லடையாகியிருந்தது. தோளில் குத்திய வளைந்த ஊசி இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாம் தடவை, நீள ஊசியில் நூல் கோர்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு, அதைப் பஞ்சில் குத்தினாள்.

அப்போதுதான் மழை வந்தது. எங்கள் ஊர் ஜூன் மழை தகவல் சொல்லிக்கொண்டு வராது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்து, ஒருவர் மெத்தையை, ஒருவர் நெமெசியோவை, ஒருவர் மரக்குதிரையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பாக்கி இருந்த விளிம்பை உள்ளே கூடத்தில் தைத்தாள். வளைந்த ஊசி கையில் அகப்படவில்லை. ஏப்ரன் பையில் இருக்கும் என்று நினைத்துக் குடைக்கம்பி ஊசியால் முடித்தாள். நெமெசியோவைக் கட்டிலில் கிடத்தினார்கள். எல்லோரும் ஈரமாக இருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். எண்ணாமல் வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் எண்ணினாள். ஐந்து.

ஏப்ரன் பையை வெளியே இழுத்து உதறினாள். ரவிக்கையைக் கழற்றித் தடவினாள். திரும்ப அந்த நடைபாதைக்குப் போய்க் குனிந்து தேடினாள். சாக்கடையில் மழைத் தண்ணீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஊசி போயிருந்தால் நல்லது. போயிருக்கும் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

உணர்ச்சி உள்ளவன் மெத்தையில் ஊசி இருந்தால் முதல் புரளலிலேயே கத்துவான். நெமெசியோ கத்தமாட்டான். ஊசி துணியைத் தாண்டி, தோலைத் தாண்டி, சதைக்குள் போனாலும் அவன் ஜோக்கு சொல்லிக்கொண்டிருப்பான். சர்க்கரைக்காரன் உடம்பில் சீழ் பிடித்தால் ஆறாது. மருந்துக்கடை அலமாரியில் அப்போது இருந்தது கஷாயம் போடுகிற கெமோமில் பூவும் கண்ணாடிக் குவளையும்தான்.

மறுநாள் காலை நேரே போய் நயீபியிடம் சொன்னாள். நயீபி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

"என்ன அத்தை சொல்றீங்க? அப்பா ராத்திரி பூரா அதுமேலதான் படுத்திருந்தாரு."

"தெரியும். அதான் ஓடி வந்தேன். முதல்ல ஆளைத் தூக்குவோம். உடம்பைப் பார்க்கணும்."

அறைக் கதவைக் கழற்றி இரண்டு நாற்காலிமேல் போட்டு, அதில் அவனைக் குப்புறக் கிடத்தினார்கள். முதுகு, இடுப்பு, தொடை, குதிகால் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"என்னடி தேடுறீங்க ரெண்டு பேரும்? கோழி இறகு பிடுங்குற மாதிரி."

"ஊசி."

"எக்ஸ்ரே எடுங்கடி."

"மெத்தைக்கா? ஆளுக்கே ஃபிலிம் இல்லையாம்," என்றாள் நயீபி.

பக்கத்து வீட்டு ரேடியோ மெக்கானிக் ஒஸ்மேல், பழைய ரஷ்ய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டுவந்தான். மெத்தைமேல் வைத்ததும் அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. எல்லோரும் "ஆ!" என்றார்கள். அடியில் ஸ்பிரிங். நகர்த்தினான், இன்னொரு ஸ்பிரிங். நூற்றெட்டு ஸ்பிரிங்கும் ஒவ்வொன்றாகக் காந்தத்துக்கு வணக்கம் சொல்லின.

"அக்கா, பிரிச்சாத்தான் ஆகும்."

முந்தின நாள் தைத்த தையலை எல்லாம் எடெல்மிரா கத்தியால் வெட்டினாள். பஞ்சை வெளியே எடுத்து, கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்து விரித்தார்கள். ஒஸ்மேல் ஒவ்வொரு பிடியின் மேலும் காந்தத்தைக் காட்டினான். பியர் மூடி ஒன்று வந்தது. கொண்டை ஊசி ஒன்று வந்தது. மதியம் தாண்டி, பஞ்சு மூக்கிலும் வாயிலும் போய் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தபோது, காந்தத்தில் ஒரு ஊசி தொங்கியது.

"கிடைச்சிருச்சு!" ஒஸ்மேல் அதைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான். நயீபி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தெருவில் யாரோ கைதட்டினார்கள். "சீக்கிரம் தைங்கடி, கதவு என் மூக்கை நசுக்குது," என்று நெமெசியோ கத்தினான்.

எடெல்மிரா அதைக் கையில் வாங்கினாள். துருப்பிடித்த, நேரான, அரை விரல் நீள ஊசி. அவளுடையது அல்ல. அவளுக்கு முன்னால் எந்தக் காலத்திலோ இந்த மெத்தையைத் தைத்த யாரோ விட்டது. ஆறு வருஷமாக நெமெசியோ அதன்மேல் படுத்திருந்தான், அதற்கு முன் அவன் பெண்டாட்டியும் படுத்திருந்தாள்.

தன்னுடையது இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் பார்த்தது இதைத்தான்: மணி இரண்டு. மேகம் கூடுகிறது. பஞ்சு நடைபாதையில் பரந்து கிடக்கிறது, நனைந்தால் ஒரு வாரம் காயாது. நெமெசியோ ஆறு மணி நேரமாகப் பலகையில் கிடக்கிறான், அவன் இடுப்பெலும்புமேல் காசு அளவுக்குச் சிவந்துவிட்டது. பாதிப் பஞ்சுதான் பார்த்திருக்கிறார்கள். அவள் மீதிப் பஞ்சை வேகவேகமாகக் கையாலேயே அளைந்து பார்த்தாள். ஒன்றும் குத்தவில்லை. துரு ஊசியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "ஊசி கிடைச்சிருச்சாமே!" என்றார்கள். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஒரு வீட்டில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒஸ்மேலிடம் போனாள்.

"தம்பி, ஆஸ்பத்திரி ஊசியைக் காந்தம் பிடிக்குமா?"

"சிலதைப் பிடிக்கும், சிலதைப் பிடிக்காது. அது வேற எஃகு. ஏன் கேக்குறீங்க?"

ஒஸ்மேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கீழே வைத்தான்.

"ஐயோ அக்கா."

அங்கிருந்து நேரே நயீபி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கிடைத்தது என்னோடது இல்லை, எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் தைத்தேன் என்றாள்.

நயீபி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ரெண்டு நாள் அத்தை. ரெண்டு நாளா நான் நிம்மதியா தூங்கினேன். அவரை ஒழுங்காப் பார்க்கக்கூட இல்ல. கிடைச்சிருச்சுன்னு."

"பார்ப்போம். இப்பவே பார்ப்போம்."

"நீங்க தொடாதீங்க."

உள்ளேயிருந்து நெமெசியோ குரல் கொடுத்தான். "அவ தொடட்டும் விடுடி. எனக்கா தெரியப்போகுது?"

அதுதான் அவளைக் கொன்றது. அவனுக்குத் தெரியப்போவதில்லை. அவன் தொடையில் ஊசி ஏறினாலும், மன்னிக்கவும் அவனுக்குத் தெரியாது, திட்டவும் தெரியாது. அவள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கும் வழியில்லை.

அவளுக்குத் தோன்றிய யோசனை ஒன்றுதான். தன் மெத்தையைக் கொண்டுவந்து அவனுக்குப் போட்டாள். அவன் மெத்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் அதில் தான் படுத்தாள். அவளுக்கு உணர்ச்சி இருக்கிறது. ஊசி இருந்தால் அவள் தோல் சொல்லும். ரவிக்கையைக் கழற்றிவிட்டு வெறும் முதுகோடு படுத்து ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை உருண்டாள். குப்புறப் படுத்து உருண்டாள். முழங்காலால் அழுத்தினாள், முழங்கையால் அழுத்தினாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு மெத்தையில் உருளுகிறாள் என்று தெருவில் பேச்சு.

"எடெல்மிரா, உள்ள யாரு?" என்று எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"உன் புருஷன். மத்தியானம் அனுப்பி வைக்கிறேன்."

ஒன்பது நாள் உருண்டாள். ஒன்றும் குத்தவில்லை. கையில் மட்டும் ஒரு சிராய்ப்பு, அது ஸ்பிரிங் கம்பி. ஒன்பது நாள் குத்தாதது பத்தாம் நாள் குத்தாது என்று யார் சொல்ல முடியும்? பஞ்சு நகரும். ஊசி பஞ்சோடு நகரும். முப்பது மெத்தை பிரித்தவளுக்கு இது தெரியாததல்ல. முந்தின ஊசி ஆறு வருஷம் குத்தாமல் கிடந்ததே.

பத்தாம் நாள் நயீபி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உங்க மெத்தை நடுவுல குழி விழுந்து கிடக்கு. அப்பாவுக்கு வால் எலும்புக்கிட்ட சிவந்துடுச்சு. அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவே இல்ல."

விரலால் அழுத்தும்போது வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எடெல்மிராவுக்கு அக்கா சொல்லித்தந்தது. ஊருக்கெல்லாம் மெத்தை தைத்தவள் தன் மெத்தையைப் பதினோரு வருஷமாகப் பிரிக்கவில்லை.

"எங்க மெத்தையைக் குடுங்க," என்றாள் நயீபி.

"நான் இன்னும்..."

"குத்துச்சா?"

"இல்ல."

"அப்புறம்? உங்க குழியில போட்டா நிச்சயம் புண் வரும். இதுல போட்டா வரலாம், வராம போகலாம். எதைச் செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

ஒரு முனையை எடெல்மிரா பிடித்தாள், மறுமுனையை நயீபி பிடித்தாள். தெருவைக் கடந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நெமெசியோ அதில் திரும்பப் படுத்ததும், "வாசம் மாறியிருக்கே. யாரோ பொம்பளை படுத்திருக்கா," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து தினம் காலை ஆறரைக்கு எடெல்மிரா அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். முதல் மாதம் நயீபி அவளோடு பேசவில்லை, கதவை மட்டும் திறந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் புரட்டுவார்கள். எடெல்மிரா கழுத்திலிருந்து குதிகால்வரை விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள், சின்ன வயதில் ஊசிமுனையைத் தடவியது போலவே. மடிப்புகளுக்குள், விரல் இடுக்குகளுக்குள் பார்ப்பாள். பிறகு வெறும் உள்ளங்கையால் மெத்தையை அங்குலம் அங்குலமாக அழுத்துவாள். வால் எலும்புப் புண் நாலு மாதத்தில் மூடியது. உப்புத் தண்ணீரில் கழுவி, அக்கா சொல்லித்தந்தபடி மேலே சர்க்கரைத் தூள் தூவித்தான் ஆற்றினாள். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு நயீபி பேச ஆரம்பித்தாள், காப்பி கொடுத்தாள். மன்னித்தேன் என்று சொன்னதில்லை. எடெல்மிராவும் கேட்டதில்லை. பாலிகிளினிக் நர்ஸ் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல படுத்த படுக்கையா இருக்கிறவங்கள்ல இவர் உடம்பு மாதிரி சுத்தமான உடம்பை நான் பார்த்ததில்ல," என்றாள். எடெல்மிரா, "அப்படியா," என்று சொல்லிவிட்டுப் பாதத்தைத் தடவுவதைத் தொடர்ந்தாள். பாராட்டு ஊசியைக் கண்டுபிடித்துக் கொடுக்காது.

நெமெசியோ மூன்று வருஷம் ஏழு மாதம் கழித்து, நெஞ்சுச் சளியில், ஜனவரி வடகாற்றில் போனான். உடம்பைக் குளிப்பாட்டியது அவள்தான். அப்போதும் குதிகால்வரை தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நயீபி மெத்தையை நடைபாதையில் கொண்டுவந்து போட்டாள். "எடுத்துட்டுப் போங்க அத்தை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கல."

எடெல்மிரா மரக்குதிரை போட்டாள். அன்று மழை இல்லை, காற்று இல்லை, அவசரமும் இல்லை. விளிம்பை வெட்டி, உறையைக் கழற்றி, பஞ்சை ஒரு வெள்ளைத் துணிமேல் கொட்டி, நூல் நூலாகப் பிரித்தாள். கோணித் துணியைத் தடவினாள். ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தட்டினாள். காலையில் தொடங்கியவள் வெயில் சாய்கிறவரை குனிந்த தலை நிமிரவில்லை.

ஊசி அதில் இல்லை.

எப்போது போனதோ. அந்த மழையிலேயே சாக்கடையில் போயிருக்கலாம். முதல்முறை பிரித்தபோது நடைபாதையில் விழுந்து யார் செருப்பிலாவது ஏறிப் போயிருக்கலாம். ஆயிரத்து முந்நூறு காலைகளில் ஒன்றிலாவது அது அங்கே இருந்ததா, ஒரு நாளும் இல்லையா என்பது இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. பஞ்சை மறுபடி அள்ளிப் பரப்பத் தொடங்கினாள். மெத்தையை அப்படியே விட முடியாது.

அடுத்த தெருவில் புதிதாகக் குடிவந்த, ஆறு மாதக் கர்ப்பத்தோடு தரையில் படுக்கிற மெலிசா என்கிற பெண் விஷயம் கேள்விப்பட்டு வந்து நின்றாள்.

"இதை எனக்குத் தருவீங்களாம்மா? நயீபி கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க."

"தரேன். தைச்சு முடிக்கணும்."

"இதுலதான் ஏதோ ஊசி..."

எடெல்மிரா டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினாள். "எண்ணு."

"அஞ்சு இருக்கு."

"நான் முடிச்சதும் நீயே இன்னொரு தடவை எண்ணிக்கோ. அஞ்சு இல்லாம இந்த இடத்தை விட்டு மெத்தையை எடுக்க விடாத. மழை வந்தாலும் சரி, நனையட்டும்."

"அந்த ஆறாவது?"

"பார்த்துட்டேன். நான் பார்த்த வரைக்கும் இல்ல," என்றாள் எடெல்மிரா. "அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்லம்மா. பிள்ளை பிறந்ததும், காலையில எழுந்ததும் முதல் வேலையா அது முதுகைத் தடவிப் பாரு. நானும் வரேன்."

குடைக்கம்பி ஊசியை எடுத்து நூல் கோர்த்தாள். மற்ற நான்கையும் மெலிசாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.